எருமப்பட்டியா, எருமைப்பட்டியா? ஓர் எழுத்து மாறினால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

நாமக்கல்லில் பஸ் ஏறி, ‘எருமப்பட்டி ஒண்ணு’ என்று கேட்டால் கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ‘எருமைப்பட்டி’ என்று சுத்தமாக உச்சரித்துக் கேட்டாலும் அதே டிக்கெட்தான், அதே காசுதான். இரண்டும் ஒரே ஊர் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கம்ப்யூட்டருக்கு அந்த அறிவு கிடையாது. ‘ம’ வேறு, ‘மை’ வேறு. ஆகவே ஊரும் வேறு. ஆங்கிலத்தில் எழுதினால் குழப்பம் இன்னும் கூடும். நடுவில் ‘ஐ’ எழுத்து சேர்த்து எழுதுபவர்கள் உண்டு, சேர்க்காதவர்கள் உண்டு. கடைசி ‘ட்டி’க்கு ‘டி, ஐ’ போடுபவர்கள் உண்டு, ‘டி, ஒய்’ போடுபவர்கள் உண்டு. ஒரே ஊருக்கு நான்கு எழுத்துக்கூட்டல் ஆகிவிட்டது. போதாக்குறைக்கு எருமப்பட்டி என்பது ஒரு பேரூராட்சியின் பெயர், ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் பெயரும் அதுவே. விலாசத்தில் ‘எருமப்பட்டி’ என்றிருந்தால் அது ஊரா, ஒன்றியமா என்பதை எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. நாமக்கல் மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1997 ஜனவரி 1 முதல். அதற்கு முந்தைய பத்திரத்திலும் பள்ளிச் சான்றிதழிலும் ‘சேலம் மாவட்டம்’ என்றுதான் இருக்கும். அஞ்சல் எண்ணை வைத்துச் சரிபார்க்கலாமே என்றால், 637 என்று தொடங்கும் எண்கள் நாமக்கல்லுக்கும் உண்டு, சேலம் மாவட்டத்து எடப்பாடி, சங்ககிரிக்கும் உண்டு.

‘இதெல்லாம் ஒரு பிரச்னையா?’ என்று தோன்றலாம். ரேஷன், முதியோர் பென்ஷன், பயிர்க்கடன், மகளிர் உரிமைத்தொகை என்று எதை எடுத்தாலும் இன்று இரண்டு மூன்று கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட பிறகுதான் பணம் வருகிறது. அவை ‘இந்த ஆளும் அந்த ஆளும் ஒன்றா?’ என்று கேட்டுக்கொள்ளும்போது தப்பான பதில் வந்தால், கஷ்டப்படப்போவது கம்ப்யூட்டர் அல்ல.

ஒரு செந்தில், ஐந்து பெயர்

எருமப்பட்டிப் பக்கம் ஒரு விவசாயி, பெயர் செந்தில் என்று வைத்துக்கொள்வோம். கற்பனை மனிதர்தான், ஆனால் அவருடைய சிக்கல் கற்பனையில்லை. அப்பா பெயர் பழனிசாமி. ரேஷன் கார்டில் ‘ப.செந்தில்’. ஆதாரில் ‘செந்தில் பி’. பான் கார்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னதால் ‘செந்தில் பழனிசாமி’. பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதியதால் அவரே ‘பழனிசாமி செந்தில்’ ஆகிவிட்டார். பாங்க் பாஸ்புக்கில் குமாஸ்தா ஓர் எழுத்தை மாற்றிப் போட்டிருப்பார், அது ஐந்தாவது.

குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத ஊரில், குடும்பப் பெயர் கேட்கும் படிவத்தை நீட்டினால் வேறென்ன நடக்கும்? முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் ஆணை போட்டது. நல்ல ஆணைதான். ஆனால் பழைய ஆவணங்களில் இருக்கும் ஆங்கில இனிஷியல் அப்படியேதான் இருக்கிறது.

பெண்கள் பாடு இதைவிடச் சிக்கல். செந்திலின் மனைவி எழிலரசி கல்யாணத்துக்கு முன் ‘மு.எழிலரசி’, பிறகு ‘செ.எழிலரசி’. படித்த சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ரேஷன் கார்டில் கணவரின் இனிஷியல். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 2002, 2005 ஆண்டுகளின் பழைய பட்டியலில் தங்கள் பெயரைத் தேடச் சொன்னார்கள். அன்று பிறந்த வீட்டு விலாசத்தில், அப்பா பெயரோடு இருந்த பெண், இன்று வேறு ஊரில், கணவர் பெயரோடு இருக்கிறார். இரண்டும் ஒருவரே என்று கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கும்?

அந்தத் திருத்தத்தில், 2025 டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் 6.41 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 5.43 கோடியாகக் குறைந்தது. நீக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இடம் மாறியவர்கள், கண்டுபிடிக்க முடியாதவர்கள், இறந்தவர்கள் என்று சொல்லப்பட்டது. இரட்டைப் பதிவு என்று கணக்கு காட்டப்பட்டது 3.39 லட்சம்.

காதால் கேட்கும் கணக்கு

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் ‘டேட்டா மைனிங்’ என்கிறார்கள். பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, நாமக்கல்காரர்களுக்கு இது பழக்கமான வேலை. கோழிப்பண்ணையில் முட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் காட்டி, கீறல் விட்டதையும் சிறுத்ததையும் தனியாக எடுத்துவைப்பது போலத்தான். லட்சக்கணக்கான பதிவுகளைக் கம்ப்யூட்டர் வெளிச்சத்தில் காட்டி, ‘இது சந்தேகம்’ என்று பொறுக்கி எடுக்க வேண்டும்.

பெயர்களைப் பொறுக்கும் வழி நூறாண்டு பழையது. 1918-ல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் ‘சவுண்டெக்ஸ்’ என்ற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, ஒரே மாதிரி ஒலிக்கும் மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண் கொடுப்பது. எழுத்துக்கூட்டல் மாறினாலும் எண் மாறாது.

செந்திலை இதில் போட்டுப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் ‘டி’ வைத்து எழுதினாலும் ‘டி.ஹெச்’ வைத்து எழுதினாலும் எஸ்-534 என்றே வரும். சபாஷ். ஆனால் அதே பெயரை ‘சி.ஹெச்’ என்று தொடங்கி எழுதியிருந்தால் சி-534. முதல் எழுத்து மாறியதால் வேறு ஆள்! அப்பா பழனிசாமி விஷயத்தில் ‘சாமி’யை ‘ஸ்வாமி’ என்றோ ‘ச்சாமி’ என்றோ எப்படி எழுதினாலும் பி-452. ஆனால் ‘ழ’வுக்கு ‘எல்’ போடாமல் ‘இசட்.ஹெச்’ போட்டுவிட்டால் பி-252. எழிலரசிக்கும் இதே கதிதான். அமெரிக்கர்களின் பெயர்களுக்காகச் செய்த சல்லடையில் நம்முடைய ‘ழ’ மாட்டிக்கொள்கிறது. க, ச, ட, த, ப ஆகியவற்றுக்கு இடத்துக்கேற்ற ஒலி உண்டு என்பது தெரிந்தவர்கள்தான் தமிழ்ப் பெயர்களுக்கான சல்லடையைச் செய்ய முடியும்.

இன்னொரு வழி, எத்தனை எழுத்தை மாற்றினால் ஒரு பெயர் இன்னொரு பெயராகும் என்று எண்ணுவது. ரஷ்யக் கணித அறிஞர் விளாடிமிர் லெவன்ஷ்டைன் 1965-ல் சொன்னது. எருமப்பட்டியின் நான்கு ஆங்கில எழுத்துக்கூட்டல்களுக்கும் இடையே அதிகபட்சம் 2 எழுத்து வித்தியாசம்தான். அப்படியென்றால் 3 வரை வித்தியாசம் இருந்தால் ஒரே ஊர் என்று விதி வைத்துவிடலாமா? வைத்தால் தர்மபுரி மாவட்டத்து எருமியாம்பட்டியும் நாமக்கல்லுக்கு வந்துவிடும். சரியாக 3 எழுத்து வித்தியாசத்தில் அது நிற்கிறது. விதியை இறுக்கினால் ஒரே ஊர் இரண்டாகும், தளர்த்தினால் இரண்டு ஊர் ஒன்றாகும். கயிற்றின் மேல் நடக்கிற வேலை.

அதனால்தான் ஒரே ஓர் அடையாளத்தை நம்பாமல், பலவற்றைச் சேர்த்து எடை போடும் முறை வந்தது. கனடாவில் ஹோவர்ட் நியூகோம்ப் என்ற விஞ்ஞானி 1959-ல் பிறப்பு, திருமணப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் பொருத்திக் காட்டினார். பத்தாண்டு கழித்து ஐவன் ஃபெலெகி, ஆலன் சன்டர் இருவரும் 1969-ல் அதற்கு முழுமையான கணித வடிவம் கொடுத்தார்கள். அதன் சாரம் எளிது. அபூர்வமான பெயர் பொருந்தினால் மதிப்பெண் அதிகம். சாதாரணப் பெயர் பொருந்தினால் குறைவு. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இரண்டு பதிவுகளில் ‘பழனிசாமி’ என்று இருப்பது பெரிய சாட்சி இல்லை. தெருவுக்கு இரண்டு பழனிசாமி இருப்பார்கள்! பிறந்த தேதி, அப்பா பெயர், போன் எண் எல்லாம் சேர்ந்து பொருந்தினால்தான் நம்ப வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்

எழுத்து மாறினால் குழப்பம் என்பது புரிகிறது. எழுத்து மாறாமலே குழப்பம் வருவது தமிழின் தனிச் சோகம்.

‘கொல்லிமலை’ என்று கம்ப்யூட்டரில் அடிக்கிறீர்கள். அந்த ‘கொ’வில் இருக்கும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றொன்று கிடைக்காது. ‘ஔவை’ என்று அடிப்பவர்களில் பாதிப் பேர் ‘ஒ’வையும் ‘ள’வையும் பக்கத்தில் வைத்து ‘ஒளவை’ என்றுதான் அடிக்கிறார்கள். கண்ணுக்கு ஔவை, கம்ப்யூட்டருக்கு ஒ-ள-வை. ஸ்ரீ என்ற எழுத்துக்கும் இரண்டு விதமான சேமிப்பு இருக்கிறது.

இது யூனிகோடுக்குப் பிந்தைய கதை. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில். அதற்கு முன்பு ஆளுக்கொரு எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பழைய கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கொட்டிக் கிடக்கும். அவற்றை ஒழுங்கான தமிழாக மாற்றாமல் எந்த டேட்டா மைனிங்கும் தொடங்க முடியாது. இந்த வேலையைச் செய்பவர்களைக் கேட்டால், புத்திசாலி மென்பொருளை ஓட்டும் நேரத்தைவிட இப்படிக் கூட்டிப் பெருக்கும் நேரமே அதிகம் என்பார்கள்.

ஊர்ப் பெயர்களின் ஆங்கில வடிவத்தை ஒழுங்குபடுத்த ஒரு முயற்சியும் நடந்தது. 2020 ஜூனில் 1,018 ஊர்களுக்கு, தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப புது ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழக அரசு வெளியிட்டது. வேலூருக்கும் கோயம்புத்தூருக்கும் வந்த புது வடிவங்களைப் பார்த்து ஊரே சிரித்தது. சுமார் ஒரு வாரத்தில் அரசாணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் சரி, ஆனால் ஏற்கெனவே இருக்கும் கோடிக்கணக்கான பதிவுகளின் மேல் இன்னோர் எழுத்துக்கூட்டல் ஏறியிருக்கும்.

ஜனவரி 1-ல் பிறந்த ஊர்

சில பிழைகளைத் தனித்தனிப் பதிவாகப் பார்த்தால் பிடிபடாது, மொத்தமாகப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். பிறந்த தேதி அப்படி.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பையனின் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் எதிர்ப்பக்கக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. வாத்தியார் தோராயமாக ஒரு தேதி எழுதுவார், பெரும்பாலும் மே மாதமோ ஜூன் மாதமோ. ஆதார் வந்தபோது தேதி தெரியாத பெரியவர்களுக்கு ஆண்டு மட்டும் பதிவானது. தேதி கட்டாயம் என்று கேட்கும் வேறு கம்ப்யூட்டரில் அது ‘ஜனவரி 1’ ஆகிவிடுகிறது. ஒரு பட்டியலில் அறுபது வயதைத் தாண்டியவர்களின் பிறந்த நாளை வரைபடமாகப் போட்டால் ஜனவரி 1-ல் மட்டும் ஒரு கொல்லிமலை நிற்கும்.

மக்கள்தொகை ஆய்வாளர்களுக்கு இது பழைய சங்கதி. வயது கேட்டால் 58, 61 என்று சொல்பவர்கள் குறைவு, 55, 60, 65 என்று சொல்பவர்களே அதிகம். இந்தக் குவியலை அளந்து, கணக்கெடுப்பு எவ்வளவு நம்பகமானது என்று சொல்வதற்கென்றே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். முதியோர் பென்ஷனுக்கு வயதுதான் ஆதாரம் என்னும்போது, இந்த ‘ஜனவரி 1’ விளையாட்டல்ல.

இப்படி மொத்தமாகப் பார்ப்பது திருட்டையும் காட்டிக்கொடுக்கும். பிரதமரின் கிசான் நிதித் திட்டத்தில் 2020-ல் தமிழகத்தில் நடந்தது நினைவிருக்கும். கொரோனா ஊரடங்கு நேரத்தில், விவசாயிகளே இணையத்தில் பதிவு செய்யலாம் என்ற வசதியையும் அலுவலர்களின் பாஸ்வேர்டையும் தவறாகப் பயன்படுத்தி, விவசாயிகளே இல்லாதவர்களைச் சேர்த்துவிட்டார்கள். அந்த ஆகஸ்டில் விஷயம் வெடித்தது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்களுக்கு 110 கோடி ரூபாய்க்கு மேல் போயிருப்பதாக அன்றைய வேளாண்துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி அறிவித்தார். சில மாவட்டங்களில் சில மாதங்களில் மட்டும் பதிவுகள் எகிறியிருந்தன. தினமும் எண்ணிக்கையைப் பார்த்து ‘இது வழக்கத்துக்கு மாறாக இருக்கிறதே’ என்று மணி அடிக்கும் ஒரு சாதாரண மென்பொருள் இருந்திருந்தால், விஷயம் இவ்வளவு தூரம் போயிருக்காது.

உயிரோடு இருப்பவரின் ஊர்வலம்

மறுபக்கமும் உண்டு. அதுதான் பயமுறுத்துவது.

2022 செப்டம்பரில் ஹரியானாவின் ரோத்தக்கில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் நடந்தது. ரூபாய் நோட்டு மாலையோடு, மேளதாளத்தோடு ரதத்தில் வந்த மாப்பிள்ளைக்கு வயது 102. கல்யாணத்துக்காக அல்ல. அரசின் பதிவில் அவர் இறந்துவிட்டதாக இருந்ததால் பென்ஷன் நின்றுபோனது. உயிரோடு இருக்கிறேன் என்று காட்டுவதற்காக நடத்திய ஊர்வலம். நாடே சிரித்தது. பென்ஷன் வராத மாதங்களில் அவர் சிரித்திருக்க மாட்டார்.

தெலங்கானாவில் நடந்தது சிரிக்கக்கூடியது அல்ல. அங்கே ‘சமக்ர வேதிகா’ என்ற மென்பொருள் அமைப்பு, பல துறைகளின் பட்டியல்களைப் பெயரையும் விலாசத்தையும் வைத்துப் பொருத்தியது. ஒரு ரிக்‌ஷா தொழிலாளியின் குடும்பத்துக்கு ரேஷன் மறுக்கப்பட்டது. காரணம், அவர் கார் வைத்திருக்கிறாராம். காருக்குச் சொந்தக்காரர் ஏறத்தாழ அதே பெயர் கொண்ட வேறொருவர். அவருடைய மனைவி ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. அந்த மாநிலத்தில் ரத்தான சுமார் 19 லட்சம் ரேஷன் கார்டுகளை நேரில் போய் மறுபடி சரிபார்க்கும்படி உச்ச நீதிமன்றம் 2022-ல் உத்தரவிட்டது. மேலே சொன்ன எருமப்பட்டி, எருமியாம்பட்டி கணக்குதான் இது. ஊருக்குப் பதில் மனிதர்கள்.

தமிழகத்தில் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன. நிலம், கார், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் என்று பல விதிகளைக் கணினிப் பதிவுகளோடு ஒப்பிட்டு 1.06 கோடிப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். இவ்வளவு பெரிய பட்டியலைச் சில வாரங்களில் சரிபார்ப்பது பழைய காகித முறையில் நடக்கிற காரியமில்லை. ஆனால் கொங்குப் பக்கத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரே வளவில் அப்பா, இரண்டு மகன்கள், மூன்று அடுப்பு, மூன்று ரேஷன் கார்டு, மின் மீட்டர் மட்டும் ஒன்று. மீட்டரில் ஓடிய யூனிட் யார் கணக்கில் போகும்?

இங்கே ஒரு நல்ல காரியம் செய்தார்கள். நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணத்தை எஸ்.எம்.எஸ்ஸில் அனுப்பி, 30 நாளில் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வழி வைத்தார்கள். அந்த நவம்பரில் மேலும் 7.35 லட்சம் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். அத்தனையும் கம்ப்யூட்டர் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் மேல்முறையீடு என்ற கதவு இல்லாமலிருந்தால் அத்தனை பேரும் வெளியேதான் நின்றிருப்பார்கள்.

மனுவில் கிடக்கும் புதையல்

பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களே எழுதித் தருகிறார்கள், அதைப் படிக்க வேண்டும்! திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக்கள் குவிகின்றன. தனித்தனியாகப் படித்துப் பதில் போட்டுவிடலாம். ஆனால் ஆயிரம் மனுக்களைச் சேர்த்துப் படித்தால்தான் நோய் தெரியும்.

‘டெக்ஸ்ட் மைனிங்’ என்பது அந்த வேலை. ஒருவர் ‘தண்ணி வந்து பத்து நாளாச்சு’ என்று எழுதுவார். இன்னொருவர் ‘குடிநீர் விநியோகம் தடைபட்டுள்ளது’ என்பார். மூன்றாமவர் ‘மோட்டார் ரிப்பேர்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். மூன்றும் ஒரே கோளாறு என்று வார்த்தைகளின் சேர்க்கையை வைத்துக் கம்ப்யூட்டர் கூட்டம் பிரிக்கிறது. மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் புகார்கள் வருகின்றன. அவற்றை இப்படிப் பிரித்துப் பார்க்க கான்பூர் ஐ.ஐ.டி-யோடு சேர்ந்து உருவாக்கிய கண்காணிப்பு அமைப்பு 2023 செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது.

இதன் உண்மையான பலன் புகாருக்குப் பதில் போடுவதில் இல்லை. ‘பெயர் பொருந்தவில்லை’ என்ற புகார் ஒரே வட்டாரத்திலிருந்து நூற்றுக்கணக்கில் வருகிறது என்றால், நூறு பேரும் தப்பு செய்தவர்கள் அல்ல. படிவத்தில் ஏதோ ஒரு கட்டம் தப்பு. இனிஷியலுக்குத் தனிக் கட்டம் வைத்தால் அந்த நூறு புகாரும் அடுத்த மாதம் வராது. நூறு பேரை இ-சேவை மையத்துக்கு அலைய வைப்பதைவிட ஒரு கட்டத்தை மாற்றுவது மலிவு. தமிழில் இதற்குக் கூடுதல் வேலை இருக்கிறது. மனு எழுதுபவர்கள் பேச்சுத்தமிழும் ஆபீஸ் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுகிறார்கள்; ‘பட்டா மாறுதல்’, ‘பட்டா சேஞ்ச்’, ‘பேர் மாத்தணும்’ எல்லாம் ஒன்று என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்தாக வேண்டும். பேர் மாற்றுவது பட்டாவிலா, ரேஷன் கார்டிலா என்பது வேறு கேள்வி.

கம்ப்யூட்டர் பழகும்வரை செந்திலும் எழிலரசியும் என்ன செய்வது? ஆதார், பான், ரேஷன் கார்டு, பாஸ்புக், வாக்காளர் அட்டை ஐந்தையும் மேஜையில் வரிசையாக வைத்து, பெயரின் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். திருத்துவதாக இருந்தால் எதை மையமாக வைப்பது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஆதாரில் பெயரை ஆயுளில் 2 முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே ஒரு முறை. அவசரத்தில் ஒரு வாய்ப்பை வீணாக்கிவிடக் கூடாது. எந்தத் திட்டத்திலாவது நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-வது பிரிவு, தன்னைப் பற்றிய தவறான தகவலைத் திருத்தக் கேட்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது.

வீட்டில் பெண் குழந்தை பிறந்திருந்தால் பிறப்புச் சான்றிதழில் போடும் எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதி பீரோவில் ஒட்டிவிடலாம். பள்ளியில் சேர்க்கப் போகும் தாத்தாவிடமும் ஒரு நகல் கொடுத்தனுப்புவது நல்லது.